இணையத்தின் கணக்கர் ஜான் பொஸ்டெல்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரையும் தளகர்த்தரையும் நாவலரையுமே நாடுவர். போரில் வென்றவனுக்குச் சிலை உண்டு. பாடல் புனைந்தவனுக்குப் புகழ் உண்டு. வீட்டுக்கு இலக்கமிட்டவனையும், கடிதத்தின் மேலுறையில் எதனை எங்கே எழுதவேண்டுமென்று வகுத்தவனையும் உலகம் நினைப்பதில்லை. ஆயினும் இலக்கமின்றி வீடு அகப்படாது; ஒழுங்கின்றிக் கடிதம் போய்ச் சேராது. இணையமென்னும் பெருவலைக்கு இவ்விரு தொண்டினையும் ஏறக்குறைய முப்பதாண்டு ஒருங்கே செய்து, 1998-ஆம் ஆண்டில் மறைந்த ஜோனதன் புரூஸ் பொஸ்டெல் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம். நம் கலாசாலையில் மின்னஞ்சல் எழுதாத மாணவர் இலர். அதன் பின்னே உழைத்த கரத்தை அறிந்தோர் மிகச் சிலரே. நண்பர் யாவரும் அவரை ஜான் என்றே அழைத்தமையின், யாமும் ஜான் பொஸ்டெல் என்றே குறிப்போம்.

இளமையும் கல்வியும்

பொஸ்டெல் 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலிபோர்னியா மாகாணத்து அல்டடீனா என்னும் ஊரிற் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சார்ந்த வான் நைஸ் உயர்தரப் பாடசாலையிற் பயின்றார். பிற்காலத்தில் இணையத்தின் தந்தையருள் ஒருவரெனப் போற்றப்பட்ட விண்டன் செர்ப்பும், அவர்தம் தோழர் ஸ்டீபன் கிராக்கரும் அதே பாடசாலையிற் பயின்றவர்கள் என்பது வியக்கத்தக்கது. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையிற் சேர்ந்து, 1966-இல் பொறியியலில் இளங்கலைப் பட்டமும், 1968-இல் முதுகலைப் பட்டமும், 1974-இல் கணினியியலில் டாக்டர் பட்டமும் பெற்றார். கணினிகள் ஒன்றோடொன்று உரையாடும் முறைகளை வரைபட மாதிரிகளைக் கொண்டு ஆராய்வதே அவர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள். இரு கணினிகள் பிணக்கின்றிப் பேசுவது எங்ஙனம் என்னும் அவ்வினாவே அவர் ஆயுள் முழுவதையும் ஆட்கொண்டது.

அவர் மாணவராயிருந்த அக்காலத்திலேதான் ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலை தோன்றிற்று. பேராசிரியர் லெனார்ட் கிளெயின்ராக்கின் ஆராய்ச்சிசாலை அவ்வலையின் முதல் நிலையமாயிற்று. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி அங்கிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற்செய்தி சென்றது. பொஸ்டெல் அச்சாலையிற் பணியாற்றிய இளைஞருள் ஒருவர்.

எழுத்தரும் கணக்கரும்

வலையின் விதிகளை வகுக்கும் பொறுப்பு பெரும்பாலும் மாணவர் தலையிலேயே விழுந்தது. கட்டளையிடும் அதிகாரம் தமக்கில்லையென உணர்ந்த அவர்கள், தாம் எழுதிய குறிப்புகளை விதிகள் என்று அழையாமல், கருத்துரைக்குமாறு வேண்டும் மடல்கள் என்று பணிவுடன் அழைத்தனர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அவை ஆர்.எஃப்.சி. எனப்படும். அவற்றுள் முதலாவதை 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஸ்டீபன் கிராக்கர் எழுதினார். அம்மடல்களைத் திருத்தி, எண்ணிட்டு, வெளியிட்டுப் பாதுகாக்கும் பதிப்பாசிரியர் பணியைப் பொஸ்டெல் ஏற்று, தம் இறுதி நாள்வரை விடாது செய்தார். அவர் தாமாகவும் பிறருடன் கூடியும் எழுதிய மடல்கள் 200-க்கு மேற்பட்டவை.

மற்றொரு பணியும் அவரை வந்தடைந்தது. வலையில் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் எண் வேண்டும்; இருவர் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டால் குழப்பம் நேரும். 1972-ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுதிய ஒரு மடலில், இவ்வெண்களை வழங்க ஒரு சக்கரவர்த்தி வேண்டுமென்று பொஸ்டெல் வேடிக்கையாகக் கூறி, அது தாமாகவே இருக்கலாமோ என்னும் ஐயத்தை அடைப்புக்குறிக்குள் இட்டார். எவரும் மறுத்திலர். அன்று முதல் எண் வேண்டுவோர் அவரிடமே கேட்டனர். அவர் கொடுத்ததைக் குறித்துக்கொண்டார். பின்னாளில் இப்பணி ஐயானா என்னும் பெயர் பெற்றது. பெயர் பெரியதோர் அலுவலகத்தின் பெயர்போல் ஒலிப்பினும், நெடுங்காலம் அது பெரும்பாலும் பொஸ்டெலும் அவருடைய உடனுழைப்பாளர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் செய்த ஊழியமேயாம்.

1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த தகவல் அறிவியல் நிலையத்திற் சேர்ந்தார். மரீனா டெல் ரே என்னும் கடற்கரையூரில் உள்ள அந்நிலையத்தை அவர் பின்னர் விட்டு நீங்கவில்லை. நீண்ட தாடியும், காலிற் செருப்பும், எளிய உடையுமே அவர்தம் கோலம். ஓய்வு நாட்களில் மூட்டையைத் தோளிலேற்றிக்கொண்டு சியரா நெவாடா மலைகளில் நடப்பதே அவர்தம் இன்பம்.

கடிதமும் அதன் தலைப்பும்

1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்பார் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பிக் காட்டிய பின்னர், வலையில் மின்னஞ்சல் பெருகிற்று. ஒவ்வொருவரும் தத்தம் மனம்போல் கடிதத்தை அமைத்தமையால், அனுப்பியவர் கணினிக்கு விளங்கியது பெற்றவர் கணினிக்கு விளங்காமற்போயிற்று. இதனைச் சீர்செய்ய 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இரண்டு மடல்கள் வெளிவந்தன. 821 என்னும் எண்ணுடையதைப் பொஸ்டெல் எழுதினார். 822 என்பதை ஸ்டீபனின் உடன்பிறந்தாரான டேவிட் கிராக்கர் எழுதினார். முன்னது கடிதத்தை ஊர் ஊராய்க் கொண்டு செல்லும் முறையைக் கூறும். பின்னது கடிதத்தின் அமைப்பைக் கூறும். தபாற்காரன் பார்க்கும் மேலுறை வேறு, உள்ளேயிருக்கும் தாளின் முகப்பு வேறு என்று கொண்டால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பொஸ்டெலின் மடல் மேலுறையைப் பற்றியது. கிராக்கரின் மடல் தாளைப் பற்றியது.

தாளின் முகப்பாகிய தலைப்பின் விதிகள் மிகச் சில. ஒவ்வொரு வரியும் ஒரு பெயரோடு தொடங்கி, முக்காற்புள்ளி பெற்று, பின்னர்ச் செய்தியைக் கொள்ளும். வரி நீளுமாயின் அடுத்த வரியில் ஓர் இடைவெளி விட்டுத் தொடரவேண்டும். தலைப்பு முடிந்ததென்பதற்கு அடையாளம் ஒரு வெற்று வரியே. அதன் பின்னர் வருவது கடிதத்தின் உடல். இற்றைநாள் வழங்கும் விதியின்படி, அனுப்புநர் வரியும் தேதி வரியும் இல்லாத கடிதம் முறையான கடிதமாகாது. அனுப்புநர் வரி ஒன்றே இருத்தல் வேண்டும்.

இவ்வளவு எளிய விதிகளிலும் மாந்தர் வழுவுவது எங்ஙனம் என்பதைக் கணினித் துறை மாணவர் அறிதல் நலம். நிரல் எழுதுவோன் ஒருவன் தலைப்பின் நடுவே கவனமின்றி ஒரு வெற்று வரியை இட்டுவிட்டால், எஞ்சிய தலைப்பு வரிகள் யாவும் கடிதத்தின் உடலிற் சிந்திப் படிப்போரை மருட்டும். தொடர்வரியின் முன்னே இடைவெளி விடாதொழிந்தால், அது பெயரற்ற வரியாய் நின்று தலைப்பைக் கெடுக்கும். பெயருக்குப் பின் காற்புள்ளியிட்டு எம்.ஏ. என்று பட்டத்தை எழுதும் வழக்கம் நம்மிற் பலருக்கு உண்டு. மேற்கோட்குறிக்குள் அடைக்காது அதனை அனுப்புநர் வரியில் எழுதினால், காற்புள்ளியைக் கண்ட கணினி ஒருவரை இருவராகக் கொள்ளும். அக்காலத் தலைப்பு ஆங்கில நெடுங்கணக்கையொட்டிய எழுத்துகளையன்றி வேறொன்றையும் ஏலாது. தமிழிற் பெயரெழுத விரும்புவோர்க்காக எழுத்துகளைக் குறிகளாய் மாற்றி அனுப்பும் முறை 1990-களில் வகுக்கப்பட்டது. அம்முறையைப் பின்பற்றாத நிரல்கள் அனுப்பிய தமிழ்ப் பெயர்கள் வினாக்குறிகளும் கட்டங்களுமாய்ச் சிதைந்து வந்ததை நம்மிற் பலர் கண்டிருப்போம். 2012-ஆம் ஆண்டு விதியின்படி, வழியிலுள்ள கணினிகள் யாவும் இசைந்தால், தமிழெழுத்தை அங்ஙனமே அனுப்புதலும் கூடும்.

பிழை காணும் வழியும் இவ்விதிகளிலேயே அடங்கியுள்ளது. அழகுபடுத்திக் காட்டும் திரையை நம்பாமல், கடிதத்தின் மூல வடிவைத் திறந்து பார்த்தல் வேண்டும். மேலிருந்து முதல் வெற்று வரி வரையிற் படித்து, ஒவ்வொரு வரிக்கும் பெயரும் முக்காற்புள்ளியும் உண்டா என்று காண்க. அனுப்புநர் வரி எத்தனை என்று எண்ணுக. கடிதத்தை வாங்கிக் கடத்தும் ஒவ்வொரு கணினியும், தபால் நிலையம் முத்திரையிடுவதுபோல், ரிசீவ்டு என்னும் ஒரு வரியைத் தலைப்பின் உச்சியிற் சேர்க்கும். ஆதலின் அவ்வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிப்போர்க்குக் கடிதம் வந்த வழி புலப்படும்; பிழை புகுந்த இடமும் பெரும்பாலும் புலப்படும். ஆயினும் அடியிலுள்ள முத்திரைகளை வஞ்சகர் பொய்யாக எழுதியிருத்தலும் கூடுமாகையால், நம் சொந்தக் கணினி இட்ட முத்திரையையே உறுதியாகக் கொள்ளத்தகும். பிழை கண்ட பின்னர், அதனைப் பெறுமிடத்தில் ஒட்டுப்போடாது, பிறந்த இடத்திலேயே திருத்துதல் அறிவுடைமை.

பொறையின் கோட்பாடு

பொஸ்டெலின் பெயரைச் சொன்ன அளவிலே கற்றோர் நினைவுக்கு வருவது ஒரு கோட்பாடு. 1980-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் வெளியிட்ட டி.சி.பி. என்னும் விதிமடலில் அது தனித்தலைப்புப் பெற்றுள்ளது. அதன் கருத்து இது: பிறர்க்கு அனுப்புங்கால் விதியினின்று அணுவும் வழுவாதிருத்தல் வேண்டும், பிறரிடமிருந்து பெறுங்கால் சிறு வழுக்களைப் பொறுத்துக் கொள்ளுதல் வேண்டும். தன்னிடத்துக் கண்டிப்பும் பிறரிடத்துப் பொறையும் என்று சுருங்கச் சொல்லலாம். பலர் பல்வேறிடங்களிலிருந்து எழுதிய நிரல்கள் ஒன்றோடொன்று உறவாடி, சிறியதொரு வலை உலகளாவிய வலையாய் வளர்ந்தமைக்கு இக்கோட்பாடு பெருந்துணை புரிந்தது.

ஆனால் இதன் பயனை நடுநின்று ஆராய்தல் வேண்டும். உலகம் இக்கோட்பாட்டின் பிற்பாதியை உவந்து கைக்கொண்டு, முற்பாதியை மறந்துவிட்டது. பெறுவோர் பொறுப்பர் என்னும் துணிவினால் அனுப்புவோர் சோம்பினர். ஒருவர் பொறுத்த பிழை நாளடைவில் யாவரும் பொறுத்தே தீரவேண்டிய வழக்கமாயிற்று. அன்றியும், பிழையுள்ள தலைப்பை ஒரு நிரல் ஒருவாறும் மற்றொரு நிரல் வேறொருவாறும் பொருள் கொள்ளும். இரண்டு அனுப்புநர் வரிகளையுடைய கடிதத்தில், காவல் செய்யும் நிரல் ஒன்றனைச் சோதித்து நல்லதெனக் கொள்ள, படிக்கும் நிரல் மற்றதனைத் திரையிற் காட்டுமாயின், வஞ்சகனுக்கு அதனினும் வேறு வாயில் வேண்டா. 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 7103, வழுவுடைய கடிதங்களைத் தீங்கின்றிக் கையாளும் வகைகளை எடுத்துரைத்தது. 2023-ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்த 9413 என்னும் மடல், அளவிறந்த பொறையால் பிழைகள் வேரூன்றிவிடும் என்றும், விதிகளை இடையறாது பேணித் திருத்துவதே தக்கது என்றும் வாதித்தது.

இதனாற் பொஸ்டெல் பேதைமையால் யாவற்றையும் ஏற்கச் சொன்னார் என்று கருதுவோர் பிழைபடுவர். அக்கோட்பாட்டுக்கு நான்காண்டு முன்னரே, 1975-ஆம் ஆண்டு நவம்பரில், வேண்டாத அஞ்சல் என்னும் இடரைப் பற்றி அவர் ஒரு சிறு மடல் எழுதியிருந்தார். நெறிதவறி நடக்கும் கணினியிலிருந்து வரும் செய்திகளை மறுக்கும் வழி பெறுவோனுக்கு இல்லாமை ஒரு குறை என்று அதிற் காட்டினார். குப்பையஞ்சல் உலகை அலைக்கழிக்கும் முன்பே, அதன் நிழலைக் கண்டவர் அவர். தவறுவோனிடத்துப் பொறை வேண்டும். தீங்கு செய்வோனுக்குக் கதவு அடைக்கவும் தெரிதல் வேண்டும். இரண்டையும் ஒருவரே எழுதினாரென்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

பெயர்களும் அறமும்

எண்களை நினைவில் வைப்பது மாந்தர்க்கு அரிது. ஆதலின் பொஸ்டெலின் வேண்டுகோளின்படி, அவருடன் பணிபுரிந்த பால் மொக்கபெட்ரிஸ் 1983-ஆம் ஆண்டில் டொமைன் என்னும் களப்பெயர் முறையை வகுத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் பொஸ்டெலும் ரெனால்ட்ஸும் எழுதிய மடல், காம், எடு, கவ், மில், ஆர்க் என்னும் பெயர்களை நாட்டிற்று. பெயர்கள் பெருகப் பெருகப் பூசல்களும் பெருகின. 1994-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து மடலொன்றில், பெயரை ஆள்வோர் தம்மை உடையவரென்று எண்ணாது, மக்கட்குழுவின் சார்பிற் காக்கும் தருமகர்த்தர் என்றே எண்ணவேண்டும் என்று பொஸ்டெல் வற்புறுத்தினார். உரிமையைப் பேசுவதினும் கடமையைப் பேசுவதே தக்கதென்பது அவர் துணிபு.

இக்கடமை மற்றொரு வகையிலும் நம்மைப் பற்றுகின்றது. நிரல் எழுதுவோரும் நூல் எழுதுவோரும் உதாரணத்துக்காக ஏதேனுமொரு முகவரியைப் புனைந்து எழுதுவது வழக்கம். புனைந்ததென்று நாம் கருதிய பெயர் உலகில் எவரோ ஒருவர் உண்மையிற் பதிந்த பெயராயிருக்கலாம். இன்று இல்லாவிடினும் நாளை ஒருவர் பதியலாம். அப்பெயரைக் கொண்டு ஒரு நிரலை ஆயிரம் முறை சோதித்தால், ஆயிரம் கடிதங்கள் ஒரு பாவமும் அறியாத அந்நியர் வாயிலிற் சென்று குவியும். சோதனைக் கடிதத்துள் மெய்யான மாணவர் பெயரோ கடவுச்சொல்லோ இருந்துவிட்டால், அது பிறர் கைக்கு எட்டும். எவரையும் கெடுக்க எண்ணாதவனே இங்ஙனம் கேடு செய்தவனாகின்றான்.

எண் பட்டியல்களைப் பேணுங்கால், சில எண்களை எவர்க்கும் வழங்காது ஒதுக்கி வைப்பது பொஸ்டெலின் வழக்கம். அவ்வழக்கமே பெயர்களுக்கும் வந்தது. அவர் மறைந்து எட்டுத் திங்களில், 1999-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டொனால்ட் ஈஸ்ட்லேக்கும் அலிசா பானிட்ஸும் எழுதிய ஆர்.எஃப்.சி. 2606 நான்கு பெயர்களை என்றைக்கும் எவர்க்கும் உரியவாகாதபடி ஒதுக்கிற்று. நிரல்களைச் சோதிப்பதற்கு .டெஸ்ட், நூல்களில் எடுத்துக்காட்டுவதற்கு.எக்ஸாம்பிள், பார்த்த அளவிலே பொய்யென விளங்கவேண்டிய பெயர்க்கு.இன்வாலிட், தன் கணினியையே சுட்டுதற்கு.லோக்கல்ஹோஸ்ட். இவற்றோடு எக்ஸாம்பிள்.காம், எக்ஸாம்பிள்.நெட், எக்ஸாம்பிள்.ஆர்க் என்னும் மூன்றும் ஐயானாவின் காவலில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தமையை அம்மடல் எடுத்துரைத்தது. தலைப்புப் பிழைகளைச் சோதிக்கப் புகும் மாணவர் வேறெந்தப் பெயரையும் புனையாது இவற்றையே எழுதுவாராக. அனுப்புவதில் கண்டிப்பு என்னும் பொஸ்டெலின் முற்பாதிக்கு இதனினும் எளிய பயிற்சி இல்லை.

இறுதி ஆண்டு

1998-ஆம் ஆண்டு பொஸ்டெலுக்குச் சோதனை மிகுந்த ஆண்டாயிற்று. வாணிகம் இணையத்திற் புகுந்தபின், பெயர்களை ஆளும் அதிகாரம் யாருடையது என்னும் வழக்கு மூண்டது. ஜனவரி 28-ஆம் தேதி அவர், பெயர்முறையின் வேராய் நிற்கும் கணினிகளில் எட்டனைக் காப்போர்க்குக் கடிதம் எழுதி, தலைமைப் பட்டியலை இனி ஐயானாவின் கணினியிலிருந்து பெறுமாறு வேண்டினார். அவர்கள் தயங்காது அங்ஙனமே செய்தனர். அவரிடத்துப் படையும் இல்லை, சட்டமும் இல்லை. பல்லாண்டு நடுநிலைமையால் ஈட்டிய நம்பிக்கை ஒன்றே இருந்தது. அமெரிக்க அரசாங்கத்தார் வெகுண்டு பழையபடி மாற்றச் சொல்ல, அது ஒரு சோதனையே என்று கூறி அவர் மாற்றிவிட்டார். அச்செயல் தக்கதா தகாததா என்பதில் அறிஞர் இன்றும் வேறுபடுவர். ஒருவர் சொல்லை நம்பி உலக வலை இயங்குவது அம்மனிதர் நல்லவராயிருக்கும் அளவும் நன்று. அவர்க்குப் பின் யார் என்னும் கேள்விக்கு அதில் விடையில்லை. அதனைப் பொஸ்டெலும் அறிந்திருந்தார். ஆகவே தம் பணியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க அவ்வாண்டு முழுவதும் உழைத்தார். ஐகான் என்னும் அந்நிறுவனம் செப்டம்பர் 30-ஆம் தேதி பதிவாயிற்று.

அதன் வளர்ச்சியைக் காண அவர் இருந்திலர். 1991-ஆம் ஆண்டிலேயே இருதய வால்வுக்குச் சிகிச்சை பெற்றிருந்த அவர், மீண்டும் அத்தகைய சிகிச்சை பெற்று, அதன் பின் நேர்ந்த கோளாறினால் 1998-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, தம் 55-ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலிஸில் உயிர் நீத்தார். மறுநாள் விண்டன் செர்ப்பு எழுதிய இரங்கலுரை, பொஸ்டெல் வாழ்நாளெல்லாம் பதிப்பித்த அவ்வரிசையிலேயே, 2468 என்னும் எண் பெற்று வெளிவந்தது. பதிப்பாசிரியரின் மறைவும் அவர் பதிப்பித்த மடல்களுள் ஒரு மடலாயிற்று. 1999 முதல் இணையச் சங்கத்தார் அவர் பெயரால் ஒரு பரிசு வழங்கலாயினர். முதற்பரிசு அவர்க்கே உரியதாயிற்று. ஐயானாவின் மீது அமெரிக்க அரசாங்கத்தார்க்கு இருந்த மேற்பார்வை 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முடிவுற்றது.

மாணவ நண்பர்களே, பொஸ்டெல் பெருஞ்செல்வம் திரட்டினாரல்லர். பெயர்கள் பொன்னாய் விற்ற காலத்தில் அவற்றின் பட்டியலைக் கையில் வைத்திருந்தும், அதனைத் தம் உடைமையென்று கொண்டாரல்லர். அவர் விட்டுச் சென்றது ஒரு வழக்கம். நாம் அனுப்பும் ஒவ்வொன்றையும், அதனைப் பெறுவோன் நம்மை அறியாதவன் என்றெண்ணி, ஒருமுறை சரிபார்த்து அனுப்புதலே அது. இன்றிரவு நீவிர் ஒரு கடிதம் அனுப்புவீர். அல்லது ஒரு நிரலைச் சோதிப்பீர். தலைப்பு வரிகளை ஒருமுறை நோக்குங்கள். உதாரண முகவரியாக எக்ஸாம்பிள்.காம் என்பதையே எழுதுங்கள். கண்காணாத ஊரில் இருக்கும் ஒருவர் உம்மால் இடர்ப்படாது உறங்குவார். அவர் அதனை அறியார். அதற்காக உமக்கு நன்றி கூறவும் மாட்டார். பொஸ்டெல் தம் ஆயுள் முழுவதும் செய்த தொண்டும் அத்தகையதே.